பகலில் இளைத்து இரவில் தேறும் ஆறு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லைக்குச் சற்று வடக்கே, 90ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிப் பழைய பண்ணை வீடு ஒன்று இருக்கிறது. சான் பெட்ரோ ஹவுஸ் என்று பெயர். 1930களில் கட்டிய வீடு. வாசலில் நின்று பார்த்தால் காய்ந்த புல்வெளி, அங்கங்கே முட்புதர், தொலைவில் நீலமாக மலைத்தொடர். இந்த வெளிறிய நிலத்தின் நடுவே, பச்சை மையில் கோடு கிழித்ததுபோல ஒரு மரவரிசை மட்டும் தெற்கிலிருந்து வடக்காக நீண்டு போகிறது. அந்த மரவரிசைக்குள்தான் ஆறு ஓடுகிறது.

ஒற்றையடிப் பாதையில் பத்து நிமிடம் நடந்து மரங்களுக்குள் நுழைந்தால் வெயில் சட்டென்று தணிகிறது. தலைக்கு மேலே காட்டன்வுட் மரங்களின் இலைகள் சலசலக்கின்றன. நம் அரச மரத்தைப் போலவே இந்த மரத்தின் இலையும் காற்று லேசாக அசைந்தாலே நடுங்கும். அந்த ஓசையைத் தண்ணீர் ஓடும் ஓசை என்று முதலில் எண்ணத் தோன்றும். ஆற்றைப் பார்த்தபின் ஓர் ஏமாற்றம் வரலாம். கோடையில் சில இடங்களில் கணுக்கால் நனைய நான்கைந்து எட்டில் கடந்துவிடக்கூடிய ஓடை அது. இதற்காகவா உலகத்தின் பல மூலைகளிலிருந்து தொலைநோக்கியோடு ஆட்கள் வருகிறார்கள்?

இதற்காகத்தான். சான் பெட்ரோவின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு இதைவிடச் சுவையான நடை பாலைவனத்தில் வேறெங்கும் கிடைப்பது அரிது.

வடக்கே ஓடும் ஆறு

மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் கனனேயா ஊருக்கு அருகே பிறந்து, எல்லையைத் தாண்டி அரிசோனாவுக்குள் நுழைந்து, சுமார் 230 கிலோமீட்டர் வடக்கு நோக்கி ஓடி கிலா ஆற்றில் கலக்கிறது சான் பெட்ரோ. தென்மேற்கு அமெரிக்காவில் குறுக்கே பெரிய அணை எதுவும் கட்டப்படாமல் எஞ்சியிருக்கும் மிகச் சில ஆறுகளில் இது ஒன்று. சொனோரா பாலையும் சிவாவா பாலையும் இந்தப் பள்ளத்தாக்கை ஒட்டித்தான் சந்திக்கின்றன.

1988 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் இந்த ஆற்றின் 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கரையையும் அதைச் சுற்றி ஏறத்தாழ 57,000 ஏக்கர் நிலத்தையும் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. ஆற்றங்கரைக் காட்டுக்காகவே அந்த நாட்டில் உருவான முதல் பாதுகாப்புப் பகுதி இதுதான். நடக்கலாம், பறவை பார்க்கலாம், குதிரையில் போகலாம், அனுமதி பெற்று இரவு கூடாரம் போடலாம். படகுச் சத்தமும் கடைத்தெருவும் இல்லை. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், பறவைகள் தாமாக வெளியே வரும். இங்கே கூடுகட்டும் பறவையினங்கள் மட்டும் நூற்றுக்கும் மேல். வலசை வந்து போகிறவையும் குளிர்காலத்தில் தங்குகிறவையுமாக இன்னும் ஏறத்தாழ 250 இனங்கள். பாலூட்டிகளில் 80க்கும் மேற்பட்ட இனங்கள்.

நெருப்புத் துண்டுபோலச் சிவந்த ஈப்பிடிப்பான், நீர்மேல் சாய்ந்த கிளையில் காத்திருக்கும் பச்சை மீன்கொத்தி, சாம்பல் நிற வல்லூறு எல்லாம் இங்கே உண்டு. மஞ்சள் அலகுக் குயில் தென் அமெரிக்காவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து கோடையில் வந்து சேர்கிறது. மழை தொடங்கியதும் பெருகும் கம்பளிப்புழுக்களையும் சில்வண்டுகளையும் நம்பித்தான் அது குஞ்சு பொரிக்கிறது.

ஆற்றின் மூச்சு

ஜூன் மாதம். பல வாரங்களாக மழை இல்லை. ஆனாலும் சான் பெட்ரோவின் சில பகுதிகளில் தண்ணீர் ஓடுகிறது. காலையில் ஓரளவு ஓடும் நீர், மாலை நெருங்கும்போது குறைந்துவிடுகிறது. இரவெல்லாம் கூடிக்கூடி, மறுநாள் விடியும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத அளவு ஏற்ற இறக்கம்தான். ஆற்றில் பொருத்திய அளவுமானி அதை ஒவ்வொரு நாளும் அலைபோல வரைந்து காட்டிவிடும்.

இதற்குக் காரணம் தலைக்கு மேலே சலசலக்கும் இலைகள். சூரியன் எழுந்ததும் இலைத்துளைகள் திறக்கின்றன. நீராவிப்போக்கு தொடங்குகிறது. வேர்கள் மணலுக்கடியில் உள்ள நீரை உறிஞ்சி மேலே அனுப்புகின்றன. நிலத்தடி நீர்மட்டம் மெல்ல இறங்குகிறது. ஆற்றுக்குள் ஊறிவரும் தண்ணீரும் அந்த அளவுக்குக் குறைகிறது. பொழுது சாய்ந்து இலைத்துளைகள் மூடியபின், பக்கத்து நிலத்திலிருந்து நீர் கசிந்து வந்து பள்ளத்தை நிரப்புகிறது. ஆறு தேறுகிறது.

இந்த அன்றாட மூச்சைக் கணக்காக மாற்றியவர் வால்டர் ஒயிட் என்ற அமெரிக்க நிலத்தடி நீர் ஆய்வாளர். யூட்டா மாநிலத்தில் எஸ்கலான்டே பள்ளத்தாக்கின் கிணறுகளை ஆராய்ந்து 1932 இல் அவர் வெளியிட்ட முறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. வீட்டு மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொண்டால் அது எளிதில் விளங்கும். தொட்டிக்குள் எந்நேரமும் ஒரே வேகத்தில் தண்ணீர் ஏறுகிறது. வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரத்தில் மட்டம் எவ்வளவு வேகமாக உயர்கிறது என்று பார்த்தால், உள்ளே வரும் நீரின் அளவு தெரிந்துவிடும். பகலில் அதே அளவு நீர் வந்தும் மட்டம் இறங்கினால், வீட்டார் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். ஒயிட் நள்ளிரவுக்கும் அதிகாலை நான்கு மணிக்கும் இடையே நீர்மட்டம் ஏறும் வேகத்தை எடுத்துக்கொண்டார். காடு தூங்கும் நேரம் அது.

அப்படியானால் மரங்கள்தான் ஆற்றைக் குடித்துத் தீர்க்கின்றனவா? அவற்றை வெட்டிவிட்டால் நீர் மிஞ்சுமே என்று கணக்குப் போட்டவர்கள் தென்மேற்கு அமெரிக்காவில் முன்பு இருந்தார்கள். கரை மரங்கள் வெறுமனே குடிப்பதில்லை. வெள்ளம் வரும்போது மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. நிழல் தந்து ஓடும் நீரின் சூட்டைத் தணிக்கின்றன. மேலே சொன்ன உயிர்களையெல்லாம் தாங்குகின்றன. அரிசோனாவின் நிலப்பரப்பில் ஆற்றங்கரைக் காடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சிறு பங்கை நம்பியே அந்த மாநிலத்துக் காட்டுயிர்களில் பெரும்பாலானவை வாழ்கின்றன.

என்றோ பெய்த மழை

அருகிலுள்ள சியரா விஸ்டா நகரில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 350 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழை. பிற்பகலில் திரண்டு இடித்துக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும் மழை அது. அப்படியிருக்க, ஜூன் மாதத்து ஆற்றில் ஓடும் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மேற்கே தெரியும் வச்சூக்கா மலைத்தொடரிலிருந்து. அதன் மில்லர் சிகரம் ஏறத்தாழ 2,885 மீட்டர் உயரம். மலையில் பெய்யும் மழையும் உருகும் பனியும் அடிவாரத்துக் கூழாங்கல்லிலும் மணலிலும் இறங்கி மறைகின்றன. பின் பள்ளத்தாக்கை நிரப்பியிருக்கும் வண்டல் அடுக்குகளின் ஊடே மிக மெதுவாக ஆற்றை நோக்கி நகர்கின்றன. வந்து சேரச் சில நூற்றாண்டுகளும் ஆகலாம், சில ஆயிரம் ஆண்டுகளும் ஆகலாம். தண்ணீரில் உள்ள ஐசோடோப்புகளை அளந்தவர்கள் ஆற்றில் இருவகை நீர் கலந்திருப்பதைக் கண்டார்கள். ஒன்று இந்த மலையடிவாரப் பழைய நீர். மற்றொன்று அண்மைப் பருவமழை வெள்ளத்தில் கரை மணல் குடித்துச் சேமித்த புது நீர். இடத்துக்கு இடம் இந்தக் கலவையின் விகிதம் மாறுகிறது.

ஓரிடத்தில் ஓடிய ஆறு அடுத்த வளைவில் மணலுக்குள் மறைவதும், மேலும் கீழே போனால் மறுபடி தோன்றுவதும் தண்ணீரில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் நகர்வதால்தான். சார்ல்ஸ்டன் என்ற இடத்தில் அடிப்பாறை மேலெழுந்து பள்ளத்தாக்கை நெருக்குகிறது. மணலுக்கடியில் போய்க்கொண்டிருந்த நீருக்கு அங்கே மேலே வருவதைத் தவிர வேறு வழியில்லை. காய்ந்த ஆற்று மணலில் ஊற்று தோண்டிக் குடம் நிறைத்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பஞ்சு விதையின் பந்தயம்

வசந்தகாலத்தில் வந்தால் காற்றெல்லாம் பஞ்சு பறக்கும். காட்டன்வுட் மரத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். ஒவ்வொரு பஞ்சிலும் ஒரு நுண்ணிய விதை. அதற்கு ஆயுள் சில வாரங்களே. அதற்குள் வெயில் படும், புல் பூண்டு இல்லாத ஈர வண்டலில் விழுந்தாக வேண்டும். அத்தகைய இடத்தை உண்டாக்கித் தருவது வெள்ளம். வெள்ளம் வடிய வடிய நீர்மட்டமும் இறங்கும். முளைத்த கன்றின் வேர் அதைத் துரத்திக்கொண்டு இறங்க வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீர் இறங்கினால் வேரால் எட்டிப்பிடிக்க முடியாது. கன்று கருகிவிடும். ஆகவே பக்கம் பக்கமாக ஒரே உயரத்தில் நிற்கும் மரங்களைப் பார்த்தால், அவையெல்லாம் ஒரே வெள்ளத்தின் பிள்ளைகள் என்று கொள்ளலாம்.

வளர்ந்த மரத்துக்கும் கணக்கு கறாரானது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜூலி ஸ்ட்ரோம்பெர்க் இந்த ஆற்றங்கரைத் தாவரங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் அவருடைய சக ஆய்வாளரும் கண்ட எல்லை இது: ஆண்டின் முக்கால் பங்குக்கு மேல் ஆற்றில் நீர் தெரிய வேண்டும், நிலத்தடி நீர் 2.6 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, ஆண்டுக்கு ஆண்டு அரை மீட்டருக்கு மேல் மட்டம் மாறக் கூடாது. இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் காட்டன்வுட்டும் வில்லோவும் ஓங்கி நிற்கின்றன. எல்லை மீறிய இடங்களில் யூரேசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டாமரிஸ்க் புதர் இடம் பிடிக்கிறது. கரையோரமாக நடப்பவர் மரம் மாறுவதைப் பார்த்தே காலடியில் நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

ஆற்றிலிருந்து சற்று மேடேறினால் தமிழ்நாட்டுக்காரருக்குப் பழகிய இலையும் முள்ளும் தென்படும். வெல்வெட் மெஸ்கீட் என்ற மரம். நம் கண்மாய்களை வளைத்துக்கொண்ட சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். பிறந்த மண்ணில் இந்தக் குடும்பத்துக்கு மரியாதை அதிகம். ஓதாம் பழங்குடியினர் இதன் இனிப்பான காய்களை மாவாக்கி உண்டு வந்தார்கள். இதன் வேருக்கோ ஆழம் ஒரு பொருட்டில்லை. அரிசோனாவின் டூசான் நகருக்கு அருகே திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றில், 53 மீட்டர் ஆழத்தில் மெஸ்கீட்டின் உயிருள்ள வேர் கிடைத்ததாக 1963 இல் பதிவாகியிருக்கிறது. சான் பெட்ரோ கரையில் நடந்த ஆய்வுகள் மற்றொன்றையும் காட்டின. மழை பெய்து மேல்மண் நனைந்ததும், இந்த மரம் தன் வேர்களின் வழியாக அந்த நீரை ஆழத்துக்கு இறக்கி வைக்கிறது. மேல்மண் வறண்டபின் ஆழத்து நீரை மேலே கொண்டுவருகிறது.

யானை கண்ட ஊற்று

பாதுகாப்புப் பகுதிக்குள் மரே ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் சிறு நடைபாதை ஒன்று ஓடைப் பள்ளத்தின் ஓரமாகச் செல்கிறது. 1966 முதல் 1971 வரை வான்ஸ் ஹெய்ன்ஸ், பீட்டர் மெஹ்ரிங்கர் ஆகியோர் இங்கே அகழாய்வு செய்தார்கள். ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் க்ளோவிஸ் என்ற பண்டைப் பண்பாட்டைச் சேர்ந்த வேட்டையர் மாமத யானையையும் காட்டெருமையையும் வீழ்த்திய இடம் இது. ஈட்டித் தண்டை நிமிர்த்துவதற்கான எலும்புக் கருவி ஒன்றும் கிடைத்தது. மாமதங்களின் கால்தடங்களோடு ஒரு பழைய நீர்க்குழியும் வெளிப்பட்டது. கடும் வறட்சியில் மாமதங்களே தோண்டிய ஊற்றாக அது இருக்கலாம் என்று ஹெய்ன்ஸ் கருதினார். ஆப்பிரிக்க யானைகள் இன்றும் காய்ந்த ஆற்று மணலைத் தோண்டி நீர் குடிக்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கில் உயிர்கள் மறைந்த நீரைத் தேடிய கதை அவ்வளவு பழையது.

1820களில் தோல் வியாபாரத்துக்கு வந்த வேட்டையர் ஜேம்ஸ் ஓஹையோ பாட்டி, இந்த ஆற்றில் நீர்நாய்களைப் போல நீந்தும் பீவர்களை ஏராளமாகக் கண்டு இதற்குப் பீவர் ஆறு என்றே பெயர் வைத்தார். பீவர்கள் மரத்தைக் கடித்துச் சாய்த்துச் சிற்றணை கட்டுகிறவை. அன்றைய சான் பெட்ரோ பல இடங்களில் சதுப்பாகத் தேங்கி நின்ற நீர்நிலை. வேட்டையாடி பீவர்களை அழித்தார்கள். மேய்ச்சல் மாடுகள் பெருகிப் புல்லைத் தின்று தீர்த்தன. வறட்சியும் அடுத்து வந்த பெருவெள்ளங்களும் சேர்ந்து 1890 வாக்கில் தொடங்கி ஆற்றுப் படுகையை அறுத்து ஆழமாக்கின. இன்று கரையில் நிற்கும் செங்குத்து மண்சுவர்கள் அந்தக் காயத்தின் தழும்புகள்.

காயம் ஆறவும் செய்கிறது. 1987 இறுதியில் கரையிலிருந்து மாடுகளை வெளியேற்றினார்கள். அதற்கு முன்னும் பின்னுமாக, 1986 முதல் 1990 வரை பறவைகளைக் கணக்கிட்டதில், கவனிக்கப்பட்ட 61 இனங்களில் 42 இனங்கள் பெருகியிருந்தன. 1999 இல் பீவர்களையும் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள்.

2005 ஜூலை

சார்ல்ஸ்டனில் உள்ள அளவுமானி 1904 முதல் ஆற்றை அளந்து வருவது. எத்தனையோ வறட்சிகளை அது கண்டது. 2005 ஜூலையில், பருவமழை தாமதித்த நாட்களில், அதன் வரலாற்றில் முதன்முறையாக ஓட்டம் பூஜ்யம் என்று காட்டியது.

பாதுகாப்புப் பகுதியின் வேலிக்குள் யாரும் ஆற்றைத் தொடவில்லை. காரணத்தின் ஒரு பங்கு வேலிக்கு வெளியே, மண்ணுக்கு அடியில் இருந்தது. சியரா விஸ்டா நகரும், அதையொட்டி 1877 முதல் இருந்துவரும் வச்சூக்கா ராணுவக் கோட்டையும், சுற்றியுள்ள வீடுகளும் நிலத்தடி நீரை நம்பியிருக்கின்றன. ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் ஓடும்போது அதைச் சுற்றி நீர்மட்டம் புனல் வடிவில் குழிகிறது. பல கிணறுகளின் குழிகள் ஒன்றுசேர்ந்தால் பெரும் பள்ளமாகும். மலையிலிருந்து ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நீர் வழியில் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும். ஆற்றிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இறைத்தாலும் கணக்கு கடைசியில் ஆற்றின் தலையில்தான் விழுகிறது.

இதில் கொடுமையானது காலதாமதம். இறைக்கும் நீரின் விளைவு ஆற்றை எட்டப் பல ஆண்டுகள், சில வேளை பல பத்தாண்டுகள் ஆகும். ஆறு மெலிவதைக் கண்டு இன்றே மோட்டாரை நிறுத்தினாலும், ஏற்கனவே குழிந்த பள்ளம் நிரம்பும்வரை ஆற்றுக்கு வரவேண்டிய நீரை அது விழுங்கிக்கொண்டேயிருக்கும். அதனால் நீர் இறைப்பைக் குறைப்பது காத்திருக்காமல் செய்ய வேண்டிய வேலை. கோட்டை தன் நீர் இறைப்பைப் பாதிக்கும் மேல் குறைத்திருக்கிறது. நகரம் 2002 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குளங்களில் விட்டு, ஆற்றுக்கும் கிணறுகளுக்கும் இடையே மண்ணுக்குள் இறக்குகிறது. 1988 ஆம் ஆண்டுச் சட்டம் ஆற்றுக்குத் தேவையான நீரை ஒதுக்கியது. அது எவ்வளவு என்பதை 2023 இல்தான் அரிசோனா நீதிமன்றம் வரையறுத்தது. ஆற்றின் ஓட்டத்தோடு, கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டமும் அந்தக் கணக்கில் இடம்பெற்றது. ஓடும் நீரும் ஊறும் நீரும் ஒன்றே என்பதை அறிவியல் எப்போதோ சொல்லிவிட்டது. அது சட்டத்தின் ஏட்டில் ஏற இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

நடப்பவர்களின் வரைபடம்

ஆண்டின் மிக வறண்ட பருவமான ஜூனில், ஒரு சனிக்கிழமை, தன்னார்வலர்கள் ஆற்றைப் பங்கு போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். சிலர் குதிரையில் போகிறார்கள். கையில் ஜிபிஎஸ் கருவி. எங்கே ஈரம் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குறித்துக்கொண்டே போவதுதான் வேலை. 1999 இல் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு தொடங்கிய கணக்கெடுப்பு இது. ஒரே நாளில் எடுத்த அந்தக் கோடுகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால், ஆற்றின் எந்தப் பகுதி தாக்குப்பிடிக்கிறது, எது தளர்கிறது என்பது தெரிகிறது. விடுமுறை நாளில் உல்லாசமாக நடக்க வந்தவரின் கால்கள் இங்கே அறிவியல் கருவியாகின்றன.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கோடைப் பகல் சுட்டெரிக்கும். வேண்டிய குடிநீரைச் சுமந்து செல்ல வேண்டும். விடியற்காலையே நடக்கவும் பறவை பார்க்கவும் ஏற்ற நேரம். பாதையில் கண் வைத்து நடக்க வேண்டும், புல்லோடு புல்லாகக் கிடக்கும் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. ஜூலைக்குப் பின் வானம் இருண்டால் படுகையில் நிற்கக் கூடாது. தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேல்நிலத்து மழை வெள்ளமாக வந்துவிடும்.

ஆற்றின் மூச்சைக் கண்ணாலேயே பார்க்க விரும்புகிறவர் நவம்பரில் போக வேண்டும். முதல் கடும்பனி விழுந்து காட்டன்வுட் இலைகள் பொன்னாகி உதிரத் தொடங்கும். குடிக்கும் இலைகள் குறையக் குறைய, மண்ணுக்கடியில் நீர்மட்டம் ஏறும். கோடையில் வெடித்துக் கிடந்த படுகையில் ஓரிடத்தில் மணல் கறுக்கும். பிறகு பளபளக்கும். சில நாட்களில் அந்த இடத்தில் தண்ணீர் ஓடும். அதற்கு வானத்திலிருந்து ஒரு துளியும் விழுந்திருக்க வேண்டியதில்லை.